நார்மல் என்று எழுதிய குழாய்

"நார்மல்னு சொல்லித்தானே என் ரத்தத்தை எடுத்தே? இப்ப வந்து நார்மல் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"மெதுவா பேசு. மேல கேக்கும்."

"கேக்கட்டும்! மேல இருந்துதானே எனக்கே விஷயம் வந்துச்சு! என் கையில என்ன வரப்போகுதுன்னு மேல்மாடி அக்காவுக்குத் தெரியும். அவங்களுக்குத் தண்ணி கேன் போடுறவருக்குத் தெரியும். எனக்கு வரப்போற மாமியாருக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது!"

மேலே கேட்கத்தான் செய்தது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று மாடியிலும் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் கட்டடம் அது. மேல்மாடி அக்கா அப்போது குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தவர், சட்டென்று குழாயை மூடிவிட்டார். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்," என்றார் லேப்காரர்.

"என்கிட்ட சொல்லாம இருந்தே. அண்ணிகிட்ட?"

அண்ணி, அதாவது லேப்காரரின் மனைவி, அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் போய் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

சண்டை போட்டது அண்ணனும் தங்கையும். அதுதான் கட்டடத்துக்கு ஆச்சரியம். அப்பா அம்மா இல்லாத தங்கையைப் பதினான்கு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். அவள் பரீட்சைக்குப் படித்தால் இவருக்குக் காய்ச்சல் வரும். அவளுக்குப் பல் வலித்தால் இவர் சாப்பிட மாட்டார். அப்படிப்பட்டவரைப் பார்த்து அவள் கத்துகிறாள் என்றால் சும்மா இருக்குமா? மேல்மாடி அக்கா துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தங்கைக்குக் கட்டடத்தில் 'ஐஸ் கை' என்று பெயர். பெயர் வைத்ததில் குறை சொல்ல முடியாது. இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் விரல்கள் மழைக்காலக் காலையில் சாக்பீஸ் போல வெள்ளையாகிவிடும். இரண்டாவது கணு வரை வெள்ளை. அதற்குக் கீழே பென்சிலால் கோடு கிழித்த மாதிரி சாதாரண நிறம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை நீலமாகும். பிறகு சிவந்து, சுள்ளென்று வலித்து, அவள் கையை உதறி உதறி ஊதிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "ஐஸு, கொஞ்சம் வந்து நெத்தியில கை வையேன்!" அவளும் போவாள். ஒருமுறை மேல்மாடி அக்காவின் கணவருக்கு நூற்று மூன்று டிகிரி. அவள் கையை வைத்ததும் மனிதர் கண்ணைத் திறந்து, "ஃப்ரிட்ஜை யாரு திறந்து வெச்சது?" என்று கேட்டாராம். ஒரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது கட்டடம். நடுவில் உட்கார்ந்து அதிகம் சிரித்தவர் லேப்காரர்தான்.

அவளுக்கு வேலை பூங்கொத்துக் கடையில். கடையின் பின்பக்கம் ஓர் ஆள் உயரக் குளிர் அறை. காலையில் வந்ததும் அதற்குள் போய், வாளி வாளியாக நிற்கும் பூக்களின் தண்டை நறுக்கி, தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு நாள் அந்தக் குளிர் அறை கெட்டுப்போய் ஏசிக்காரர் ஒருவர் வந்தார். கருவியைக் கொடுக்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டிருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் வெள்ளையாகி, நீலமாகி, சிவந்திருக்கிறது. "என்னைப் பார்த்து மூணு கலர் மாறுன ஒரே பொண்ணு," என்று தன் நண்பர்களிடம் சொல்லித் திரிந்தார் அவர். அதன் பிறகு அந்தக் குளிர் அறை மாதம் மூன்று தடவை கெட்டது. கடைக்காரர்தான் கடைசியில் பொறுக்க முடியாமல், "தம்பி, கல்யாணத்தைப் பேசி முடி, என் மெஷினை விட்டுடு," என்றார்.

பேசி முடித்தார்கள். ஏசிக்காரருக்கு வடக்கே ஒரு துறைமுக ஊரில், மீனை உறைய வைக்கும் பெரிய கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. வருடத்தில் ஏழு மாதம் குளிரடிக்கும் ஊர். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் அங்கே போவதாக ஏற்பாடு. "ஐஸு ஐஸோடவே போய்ச் சேருது," என்று கட்டடம் கேலி செய்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் குழாய் வரும் வரை.

குழாய் என்றால் சுண்டு விரல் பாதி அளவு பிளாஸ்டிக் குழாய். லேப்காரர் வேலை செய்யும் பரிசோதனைக்கூடம் மருந்துக்கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அவர்தான் மூத்த டெக்னீஷியன். மொத்தம் இரண்டே பேர் என்பதால் மூத்தவராவது சுலபம். இன்னொருவர் ரத்தம் எடுக்கிற ஊசி அக்கா. நாற்பத்தைந்து தாண்டியவர், கணவர் போய்ப் பத்து வருடமாகிறது. குழந்தைக்கு ஊசி போட்டால் குழந்தை ஊசியைத் தேடும், அப்படிப்பட்ட கை. வயதில் மூத்தவர் என்பதால் லேப்காரரை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே செய்யும் பரிசோதனைகளில் ஒன்று, உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுவது. ஒரு கண்ணாடித் தகட்டில் பத்துக் குழி. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் ஒட்டியிருக்கும். அதன் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, விட வேண்டும். அந்த மாதிரி ஆன்டிபாடி இருந்தால் செல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவி, ஒரு சாயத்தை விட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பிடித்துக்கொண்ட இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. எட்டுக் குழி நோயாளிகளுக்கு. மிச்சம் இரண்டில், ஒன்று கட்டாயம் ஒளிர வேண்டியது, இன்னொன்று கட்டாயம் இருட்டாக இருக்க வேண்டியது. இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் மற்ற எட்டையும் நம்பலாம்.

அந்த இருட்டுக் குழிக்கு நோயில்லாத ஒருவரின் சீரம் வேண்டும். மூன்று வருடம் முன்பு லேப்காரர் கட்டடத்தில் ஒவ்வொருவரையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். அவருக்கே சர்க்கரை. மனைவிக்குத் தைராய்டு. மேல்மாடி அக்காவுக்கு இல்லாத நோய் எது என்று அவராலேயே சொல்ல முடியாது. மிச்சம் தங்கைதான். "உன்னை மாதிரி ஆரோக்கியமான ஆளு இந்தக் கட்டடத்துலயே கிடையாது," என்று சொல்லிக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார். சோதித்தார்; சுத்தமான இருட்டு. அதை நாற்பது குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் 'நார்மல்' என்று எழுதி உறைபெட்டியில் வைத்தார். மூன்று வருடமாக ஊரில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பதை அவருடைய தங்கைதான் தீர்மானித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

குழாய்கள் தீரப் போகிற சமயம், புதிதாக மறுபடி எடுத்தார்கள். இந்த முறை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. தங்கையைப் போய் என்ன சோதிப்பது? 'நார்மல்' என்று எழுதி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் தகட்டைப் போட்டார். ஒளிர வேண்டியது ஒளிர்ந்தது. எட்டு நோயாளிகளில் ஏழு பேர் இருட்டு, ஒருவர் லேசான பச்சை. இருட்டாக இருக்க வேண்டிய கடைசிக் குழியில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஊசியால் குத்தின மாதிரி நாற்பது ஐம்பது பச்சைப் புள்ளிகள்.

"அக்கா! நார்மல் குழாய்ல யாரோட சீரத்தை ஊத்துனீங்க?"

"உங்க தங்கச்சியோடதுதான் தம்பி."

"இல்லை. வேற யாரோடதோ மாறிப்போயிருக்கு."

"மாறுறதுக்கு வேற ஆளு வேணும்ல? அன்னைக்குக் கரண்ட் இல்லை. காலைல இருந்து உங்க தங்கச்சியைத் தவிர ஒருத்தரும் வரலை. நான் அந்தப் பொண்ணோட அரட்டை அடிச்சுக்கிட்டே ஒரே ஒரு ஊசிதான் போட்டேன்."

"பதினஞ்சு வருஷ வேலைல இப்படி ஒரு கவனக்குறைவு நான் பார்த்ததில்லை," என்றார் லேப்காரர்.

ஊசி அக்காவின் முகம் சுருங்கிப்போனது. பஞ்சு டப்பாவை மூடினார். அவரிடம் அதற்கு முன் யாரும் அப்படிப் பேசியதில்லை.

லேப்காரர் மறுநாள் மறுபடி போட்டார். கழுவும் திரவத்தைப் புதிதாகக் கலக்கினார். மறுபடி புள்ளிகள். சாயம் கெட்டுவிட்டது என்று அடுத்த பெட்டியை உடைத்தார். விளக்கைக் குறை சொன்னார். தகடு அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். எட்டு நோயாளிகளின் வீட்டார் ரிப்போர்ட் கேட்டு வாசலில் நின்றார்கள். "மெஷின் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார். ஊசி அக்கா, திரவம், சாயம், விளக்கு, கம்பெனி என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். 'நார்மல்' என்று தன் கையால் எழுதிய அந்த ஒரு குழாயை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், உறைபெட்டியின் அடியில் பழைய குழாய் ஒன்று அகப்பட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய தங்கை. அதை ஒரு குழியிலும் புதியதைப் பக்கத்துக் குழியிலும் விட்டார். இருட்டறையில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். பழையது இருட்டு. தகட்டை ஒரு விரல் நகர்த்தினார். புள்ளிகள். இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த செல்களில் அந்தப் புள்ளிகள் நடுவில் வரிசை கட்டி நின்றன.

அந்த வரிசையைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. சென்ட்ரோமியர் ஆன்டிபாடி. எத்தனையோ பேருக்கு அதை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்தது இப்போது வரிவரியாக ஞாபகம் வந்தது. தோல் இறுகும் நோய். ஆனால் தோலுக்கு முன்னாலேயே ரத்தக்குழாய். முதலில் விரல் நுனியின் மயிரிழைக் குழாய்கள் சுருங்கும். விரல் வெளுக்கும். பிறகு நுனியில் புண் வரும், ஆறாது. பல வருடம் கழித்து சிலருக்கு நுரையீரலுக்குப் போகும் குழாய்களிலும் அழுத்தம் ஏறும்.

விரல் வெளுக்கும். நூற்று மூன்று டிகிரியில் ஃப்ரிட்ஜைத் திறந்தது யார் என்று கேட்ட மனிதர். அந்தச் சிரிப்பு.

அவர் அன்று இருட்டறையை விட்டு வெளியே வர வெகுநேரமாயிற்று. ஊசி அக்கா கதவைத் தட்டி, "தம்பி, எட்டு ரிப்போர்ட்?" என்றார். "எட்டும் சரிதான் அக்கா. கொடுத்துடலாம்," என்றார். குழாய் மாறவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

வீட்டுக்கு ஒரு சின்ன பூதக்கண்ணாடி விளக்கைக் கொண்டுவந்தார்.

"புதுசா வாங்கியிருக்கோம். நல்லா தெரியுதான்னு பாக்கணும், விரலைக் குடு," என்றார் தங்கையிடம்.

"எனக்குன்னு ஒரு சம்பளம் போட்டுக் குடுக்கச் சொல்லு உங்க லேப்ல," என்று சிரித்தபடி விரலை நீட்டினாள் அவள். மோதிர விரலின் நகம் தோலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எண்ணெய் பட்டால் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உள்ளே குழாய்கள் தெரியும். கொண்டை ஊசிகளை அடுக்கி வைத்த மாதிரி வரிசையாக இருக்க வேண்டியவை. சில அப்படித்தான் இருந்தன. இரண்டு மட்டும் வயிறு உப்பிய மாதிரி பருத்திருந்தன. பக்கத்தில் கடுகளவு ரத்தக் கசிவு. அதற்கும் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வெற்றிடம்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்லை. நல்ல கண்ணாடிதான்."

பத்து விரலையும் பார்த்துவிட்டு எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டார். துடைக்கிற சாக்கில் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தார். குளிர்ந்துதான் இருந்தது.

மூன்று வாரம் மென்று விழுங்கினார். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மனைவியிடம் சொன்னார். "காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும்," என்றார். மனைவி அப்படித்தான் இருந்தாள், ஒன்றரை நாள். தனியாகச் சுமக்க முடியவில்லை பாவம்; மேல்மாடி அக்காவிடம் ஒரு கைப்பிடி இறக்கி வைத்தாள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா," என்றாள். மேல்மாடி அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் மட்டும் சொன்னார். அவரிடம் 'என்ன விசேஷம்' என்று கேட்காதவர்கள் யார்? கீழே கிளம்பும்போது 'ரத்தத்தில் ஏதோ அடையாளம்' என்றிருந்த சேதி, நான்காம் நாள் ஏசிக்காரரின் அம்மாவைப் போய்ச் சேரும்போது 'பொண்ணுக்கு விரலெல்லாம் உதிர்ந்திடுமாம்' என்று வளர்ந்திருந்தது. அந்த அம்மா பூங்கொத்துக் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்க, "கையைக் காட்டும்மா," என்று கேட்டார். குளிர் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பெண். பத்து விரலும் சாக்பீஸ்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டை.

"நீ பார்க்காம இருந்திருக்கலாம்ல?" என்றாள் தங்கை. கத்தல் முடிந்து குரல் இறங்கியிருந்தது.

"நான் பார்க்காட்டியும் அது இருந்திருக்கும்மா."

"உன் குழாய்ல இருந்திருக்கும். எனக்கு இருந்திருக்காது. போன வாரம் வரைக்கும் எனக்கு வெறும் ஐஸ் கை."

லேப்காரருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் குழியில் எத்தனை சொட்டு என்பதுதான்.

"அந்தக் கண்ணாடில பார்த்தியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நல்ல கண்ணாடின்னு சொன்னே."

அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

மறுவாரம் பெரிய ஆஸ்பத்திரியில், இந்த மாதிரி நோயையும் பார்க்கிற மூட்டு டாக்டரிடம் போனார்கள். அண்ணன், தங்கை, ஏசிக்காரர் என்று மூன்று பேர். கூட வருகிறேன் என்று மேல்மாடி அக்கா சொன்னதை எப்படியோ தவிர்த்தார்கள். டாக்டர் சின்ன உருவம், வேகமான பேச்சு. நகத்தடியைப் பெரிய திரையில் காட்டினார். லேப்காரர் விளக்கில் பார்த்த அதே இரண்டு பருத்த குழாய்கள், இப்போது விரல் தடிமனுக்கு.

"ரிப்போர்ட் யாரு பார்த்தது?"

"நான்தான் டாக்டர்."

"சரியா பார்த்திருக்கீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாராட்டு அவருக்கு வேண்டாமென்று இருந்தது.

"இன்னைக்கு இவங்களுக்கு அந்த நோய் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "விரல் வெளுக்குது. நகத்தடியில குழாய் மாறியிருக்கு. ரத்தத்துல அந்த ஆன்டிபாடி இருக்கு. மூணும் சேர்ந்திருந்தா முக்கால்வாசிப் பேருக்கு என்னைக்கோ ஒரு நாள் வரும். அடுத்த வருஷமா, பதினஞ்சு வருஷம் கழிச்சா, லேசாவா பலமாவா, சொல்ல முடியாது."

"வராம தடுக்க மருந்து?" என்றார் லேப்காரர். பதில் அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார்.

"குழாய் சுருங்காம இருக்க மாத்திரை தரேன். கையைக் கதகதப்பா வெச்சுக்கணும். வருஷா வருஷம் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கணும். தடுக்கிறதுக்குன்னு எதுவும் இல்லை."

"அந்த ஆன்டிபாடியை எடுத்துட்டா?"

"அதுதான் குழாயைக் கெடுக்குதான்னே உறுதியா தெரியாதே. திருடனா, திருட்டைப் பார்த்த சாட்சியான்னு இன்னும் வாதம் நடந்துட்டிருக்கு. இருக்குன்னு மட்டும் தெரியும்."

தங்கை அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், குளிர் ஊருக்குப் போகலாமா?"

"போகாம இருந்தா நல்லது. ஆனா, போகாம இருந்தா வராதுன்னு அர்த்தம் இல்லை."

வெளியே வந்ததும் லேப்காரர் பிடித்துக்கொண்டார். "கேட்டேல்ல? போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அதை மட்டும்தான் நீ கேட்டியா?" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் ஏசிக்காரர் வீட்டுக்கு வந்தார். கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று மேல்மாடியில் முடிவாகிவிட்டது. வந்தவர் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, பேனாவை எடுத்தார்.

"எனக்குப் படம் போட்டுச் சொல்லுங்க மச்சான். குழாய் எங்க சுருங்குது?"

லேப்காரர் வரைந்தார். பெரிய குழாய், அதிலிருந்து சின்னது, அதிலிருந்து மயிரிழை.

"உள்சுவர்ல அடைச்சுக்குதா, மொத்தக் குழாயும் இறுகுதா?"

"ரெண்டும். முதல்ல இறுகும். போகப் போக உள்சுவர் தடிக்கும்."

"எங்க மெஷின்லயும் முடி மாதிரி ஒரு செப்புக் குழாய் இருக்கு. ஒரு சாண் சமாச்சாரம், ஆனா அது அடைச்சா மொத்த மெஷினும் படுத்துடும்." ஏசிக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க அதை வெட்டிப் போட்டுட்டுப் புதுசை வெச்சு ஊதி ஒட்டிடுவோம். அரை மணி நேர வேலை."

"இதுல அப்படிச் செய்ய முடியாது மாப்பிள்ளை."

"கேஸ் அழுத்தத்தைக் குறைச்சா?"

"அந்த மாத்திரை அதுக்குத்தான். கொஞ்சம் கேட்கும்."

"வேற?"

"வேற இல்லை."

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பதினைந்து வருடமாகப் பச்சைப் புள்ளிகளை எண்ணியவர். இன்னொருவர் எந்தக் குளிர் அறையையும் இயங்க வைத்தவர். நடுவில் ஒரு பேனாப் படம். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது என்றாள் லேப்காரரின் மனைவி, பிறகு, கேட்டவர்களிடம்.

"வேற வேலை பாருங்களேன், இங்கயே," என்றார் லேப்காரர். குரல் கெஞ்சியது.

"எனக்குத் தெரிஞ்சது குளிர வைக்கிற வேலை மட்டும்தான் மச்சான். எங்க போனாலும் குளிர்லதான் நிக்கணும். இந்த வேலையை விட்டா அம்மா இதைச் சாக்கா வெச்சுக் கல்யாணத்தையும் விடச் சொல்லுவாங்க." பேனாவை மூடினார். "அவளுக்குத் தனியா ஒரு ரூம், எந்நேரமும் ஹீட்டர். நானே போடுவேன். அது நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"ரூமை விட்டு வெளிய வந்தா?"

கதவோரம் நின்ற தங்கை சொன்னாள்.

"வெளிய வந்தா கையுறை போட்டுக்குவேன். அண்ணா, நான் இங்க இருந்தா நீ தினமும் என் விரலைப் பார்ப்பே. பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லுவே. என்னால அதைத் தாங்க முடியாது. குளிரைத் தாங்கிக்குவேன்."

லேப்காரர் கையைப் பிசைந்தார். வேறென்ன செய்வார்? பிடித்து நிறுத்த அவளுக்கு வயது பதினான்கு இல்லை. நிறுத்தினாலும் அந்தப் புள்ளிகள் நிற்கப் போவதில்லை. அவள் போகிற ஊருக்கெல்லாம் அதே ரத்தத்தில் ஏறிக் கூடவே போகும்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் கையைக் குலுக்கினாலும் அவர்கள் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பத்தாம் நாள் இருவரும் துறைமுக ஊருக்குக் கிளம்பினார்கள். லேப்காரர் ஏழு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்தார். அவள் பெட்டியில் இடமில்லை என்று இரண்டை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அந்த இரண்டும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

முதல் வருடம் ஒன்றுமில்லை. இதயம், நுரையீரல் எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் வலது ஆள்காட்டி விரலின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு புண். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் அவள் கையைக் காட்டுவாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பெரிதாக்கினால் புண் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். "என்ன தெரியுது?" என்று கேட்பாள். "புண் இருக்கு," என்பார் இப்போதெல்லாம். பொய் சொல்வதில்லை. பின்னால் ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்கும். ஏசிக்காரர் சொன்னபடி அதை ஒரு நாளும் நிற்க விட்டதில்லை.

மேல்மாடி அக்கா மகனோடு இருக்கப் போகிறேன் என்று வீட்டைக் காலி செய்துவிட்டார். அந்த மாடிக்கு இப்போது யாரோ ஊமைச் சாமியார்கள் மாதிரி ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கட்டடத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. காய்ச்சல் வந்தால் எல்லாரும் ஈரத்துணிதான் போட்டுக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சேதி ஊசி அக்காதான். நாற்பத்தேழு வயதில், பரிசோதனைக்கூடத்துக்கு ரத்த மாதிரிகளைப் பைக்கில் கொண்டுவருபவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய ஊருக்கே போகிறார். தெரு ஒரு மாதம் வாயைப் பிளந்தது. கடைசி நாள் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு, இருட்டறைக் கதவருகே வந்து நின்றார்.

"தம்பி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் அந்தக் குழாயை மாத்தலை. அதை உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க."

லேப்காரர் எழுந்து நின்றார். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாள் காலையிலும், கதவைத் திறந்து உள்ளே வரும்போது, இந்த அக்கா அன்று ஒரே ஒரு தப்புச் செய்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டுதான் அவர் விளக்கைப் போடுவார்.

"நீங்க மாத்தலை அக்கா," என்றார்.

ஊசி அக்கா தலையசைத்தார். "தங்கச்சியைக் கேட்டதா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தவரின் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.